மீசைக்கு ஒரு நாற்காலி

ரெஜினா மேடம் வரைந்த எருமையை இயக்குநர் ஆக்கியபோது ஸ்டுடியோவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதற்கு மீசை இருந்தது.

டிவி கார்ட்டூனில் அதை நடக்க வைத்தது, பேச வைத்தது, தும்ம வைத்தது எல்லாம் மேடம்தான். ஒரு தும்மலுக்கு ஒரு வாரம் குனிந்தே கிடப்பார். இப்போது அதே எருமை சினிமாவுக்குப் போகிறது. டைட்டிலில் இயக்கம் என்று தன் பெயர் வர வேண்டும் என்றார். அது ஒன்றைத்தான் கேட்டார்.

முதலாளி கனகசபாபதி மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பொம்பளை பெயரைப் போட்டால் குழந்தைப் படம் என்று நினைத்துவிடுவார்களாம். அது குழந்தைப் படம்தான்.

நான் அங்கே சாமான் தூக்குகிறவன். மேடத்தின் மேசையைப் பின்னால் போடச் சொன்னார்கள். தூக்கினேன். நடக்க நடக்க வராந்தா நீண்டது. மேடம் ஒவ்வொரு விருது வாங்கும்போதும் அது கொஞ்சம் நீளும் என்று வாட்ச்மேன் சொன்னார். மேடத்துக்கு விருதுகள் நிறைய.

பூஜையன்று எருமைக்கு மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றது. டைரக்டர் காலையில் சாப்பிடவில்லை என்று முதலாளி எல்லோருக்கும் விளக்கினார்.

மேடம் ரப்பரோடு வந்தார். எருமை அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"யாரும்மா நீ? சான்ஸ் கேட்டு வந்தியா?"

"உன்னப் பெத்தவ. ஆடாம நில்லு."

மீசையை அழித்தார். உடனே அது வெறும் எருமையாகிவிட்டது. முதலாளி அதை வெளியே ஓட்டச் சொன்னார்.

மேடம் டைரக்டர் நாற்காலியில் உட்காரப் போனார்.

"செத்த இரும்மா" என்றார் முதலாளி. குனிந்து, தரையில் கிடந்த ரப்பர் தூளைப் பொறுக்கினார். அதில் மீசை முழுசாக இருந்தது. நாற்காலியில் வைத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மத்தியானமே போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இயக்கம்: மீசை.

மேடம் வராந்தாவில் நடந்துபோய்த் தன் மேசை முன்னால் உட்கார்ந்தார். முதலாளி அந்த நாற்காலியை ஏந்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மீசை கனைத்தது. "ஏகாம்பரம், மேசைய இன்னும் கொஞ்சம் பின்னால போடு."

"எங்க வைக்கட்டும்மா?" என்று மேடத்தைக் கேட்டேன்.

"இருங்கண்ணே. இத முடிச்சிடுறேன்."

எட்டிப் பார்த்தேன். தாளில் முதலாளியை வரைந்துகொண்டிருந்தார். அதே தொப்பை, அதே மோதிரம். மீசை மட்டும் போடவில்லை.

முதலாளி நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தார். பிறகு, ரொம்ப மரியாதையாக, தன் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார்.