கரும்பாறைக்கு மேலே ஒரு கிண்ணம்

பதவியின் பெயர் ஒருங்கிணைப்பாளர். மூன்று ஊர் மேய்ச்சல் குழுக்கள், வேட்டைத் துறை, காவலர்கள், தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் திட்ட அலுவலகம், எல்லைக்கு அந்தப் பக்கம் இதே வேலையைப் பார்க்கும் கசாக்கியர்கள் என்று இத்தனை பேரையும் ஒன்று சேர்ப்பது புருலின் வேலை. அதற்காக அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்த இடத்தில் மனுஷ முகமே கிடையாது. கஷ்கா தோர் பள்ளத்தாக்கின் மேல்பாதியில் சக்கரம் கழற்றிய ஓர் இரும்பு வண்டிப்பெட்டி, ஓர் அடுப்பு, ஒரு தொலைநோக்கி, ஒரு குதிரை. பேச வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் மேடு ஏற வேண்டும். அங்கேதான் போனுக்கு உயிர் வரும். தினமும் காலையில் ஏறி, அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் சொல்லிவிட்டு இறங்குவாள். அப்புறம் மறுநாள் காலை வரை குதிரையோடுதான் பேச்சு. நல்ல குதிரை, எதிர்த்துப் பேசாது. அதுதான் அதன் குறையும்.

காரியம் என்னவோ பெரிய காரியம். பனி இப்போதெல்லாம் இரண்டு வாரம் முன்னாலேயே போய்விடுகிறது. கீழ்ச்சரிவில் ஜூன் பிறப்பதற்குள் புல் காய்கிறது. மேய்ப்பர்கள் மந்தையை மேலே ஓட்டுகிறார்கள். மந்தையைக் கண்டு அர்கார்கள் இன்னும் மேலே ஓடுகின்றன. அர்கார் என்றால் காட்டுச் செம்மறி. அதற்கும் மேலே வெறும் பாறைதான். குட்டி போட்ட தாய் ஆடு பாறையைத் தின்றா பால் கொடுக்கும்? அதனால் பள்ளத்தாக்கை இரண்டாகப் பிரிக்கும் கரும்பாறைக்கு மேலே உள்ள புல்லையும் ஊற்றையும் மூன்று கோடைக்குக் காட்டு ஆடுகளுக்கே விட்டுவிடுவது என்று ஒப்பந்தம். மூன்று ஊரையும் ஒரு பேச்சுக்குக் கொண்டுவருவது தராசில் தவளையை நிறுக்கிற வேலை. இரண்டு குளிர்காலம் வீடு வீடாகப் போய்த் தேநீர் குடித்துப் புருல் அதைச் செய்தாள். எந்த ஊர்க் குடும்பமாவது மேலே கூடாரம் போட்டு, அதை அவள் அனுமதித்தால், மற்ற ஊர்களும் ஏறலாம்; அத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் கோடையில் ஒரு கொம்புகூடத் தென்படவில்லை. இது இரண்டாவது. எதிர்ச்சரிவின் பாறைகளில் பதினொரு பெட்டைகளைப் போன வாரம்தான் பார்த்தாள். ஊற்றைப் பார்க்கின்றன, நிற்கின்றன, திரும்பிப் போகின்றன. இன்னும் நம்பிக்கை வரவில்லை அவற்றுக்கு.

ஜூன் நாலாம் தேதி காலையில் வண்டிப்பெட்டியின் கதவைத் திறந்தவள் ஊற்றுக்குக் கீழே புகையைப் பார்த்தாள்.

சாணி எரியும் புகை. ஒரு கூடாரச் சட்டம், பாதி போர்த்திய கம்பளி, இருநூறு ஆடு. முதலில் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரும்பாறைக்கு மேலே நாற்பது நாளாக அவள் பார்க்காத ஒன்று அந்தப் புகை. தொலைநோக்கியில் பார்த்தாள். இறந்துபோன புருஷனின் தம்பி ஜுமாஷ். கூடவே அவன் மனைவி குல்சுன், அவளுடைய ஓரகத்தி. பதினெட்டுக் கோடை இதே பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் புருலும் குல்சுனும். அவள் கை தானாக மாவை எடுத்தது.

யாராவது புதிதாக வந்து கூடாரம் இறக்கினால், முன்பே இருப்பவர்கள் முதல் சாப்பாட்டைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒருலுக் என்று பேர். வந்தவர்கள் தங்கள் அடுப்பில் சமைக்கும் முன்னே அது போய்ச் சேர வேண்டும்; இல்லாவிட்டால் அந்த மலையில் மனுஷரே இல்லை என்று அர்த்தம். புருல் எண்ணெய் காயவைத்துப் பூர்சோக் பொரித்தாள். இருந்த கடைசி உப்புக்கண்டத்தை வேகவைத்தாள். கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தில் குவித்து, துணியில் கட்டி, குதிரையில் ஏறினாள். வழியெல்லாம் பாட்டு வேறு.

குல்சுன் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள், யாருக்கு நரை அதிகம் என்று சண்டை போட்டார்கள். தனக்கு ஒதுக்கிய மேய்ச்சலில் ஊற்று வற்றிவிட்டது என்று ஜுமாஷ் சொன்னான். தண்ணீர் என்று சேறுதான் வந்ததாம். நாலு ஆடு செத்ததாம். புருல் உச்சுக்கொட்டினாள். சாப்பிட்டு முடித்து அவன் இரண்டு கையையும் ஏந்தி, அண்ணி பக்கத்தில் இந்தக் கோடை நல்லபடி போகட்டும் என்று வேண்டி, ஓமின் என்று முகத்தைத் தடவிக்கொண்டான். அவளும் ஓமின் என்றாள்.

பாதி வழி திரும்பும்போதுதான் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று குதிரையைத் தட்டினாள். நாற்பது நாளுக்குப் பிறகு ஒரு நாள் மனுஷியாக இருந்தாள். அதை உடனே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

மறுநாள் மேட்டில் ஏறியதும் போன் விடாமல் முனகியது. ஜுமாஷ் முந்தின நாள் சாயங்காலமே மேட்டுக்கு வந்து ஊர்க்குழுவுக்குச் செய்தி போட்டிருக்கிறான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு: அண்ணி கையால் ஒருலுக் வந்தது, கஷ்கா தோரில் இறங்கியாச்சு. மூன்று ஊரும் கேட்டாயிற்று. கீழ் ஊர் மேய்ச்சல் குழுத் தலைவர் ஷெய்ஷெனின் குரல் கடைசியில் இருந்தது. கத்துகிறவர் அல்ல. அதுதான் பயம்.

"என்னம்மா புருல், ஒன் கொழுந்தனுக்கு விருந்து, எங்களுக்கு வேலியா? ரெண்டு குளிர்காலம் எங்க வீட்டுல டீ குடிச்சு எங்க வாயக் கட்டுன. நல்லா இரு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்குறேன். அந்தக் கூடாரம் நின்னா, எங்க ஊரு அறுபது குடும்பமும் ஏறும். அவங்களுக்கும் பூர்சோக் பொரிச்சு வை."

பிஷ்கெக் அலுவலகத்திலிருந்தும் ஒரு செய்தி. இந்த வாரப் படிவத்தில் 'குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்' என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம். புருலுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மேட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். சோறு போட்டு உட்கார வைத்தவர்களை எழுந்து போ என்று சொல்லும் ஆளை அவள் இதுவரை கண்டதில்லை, கேட்டதுமில்லை.

நேராகக் கூடாரத்துக்குப் போனாள். நேற்றுப் பாதி நின்றது இன்று முழுசாக நின்றது. உள்ளே சிவப்புக் கம்பளம் விரித்து, மெத்தைகளை அடுக்கியிருந்தாள் குல்சுன். தேநீர் ஊற்ற வந்தவளிடம் வேண்டாம் என்றாள் புருல். அதிலேயே இருவருக்கும் புரிந்துபோயிற்று.

"நீங்க எறங்கணும், ஜுமாஷ். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

அவன் சிரிப்பு மாறவில்லை. "வெளையாடாதீங்க அண்ணி."

விளையாடவில்லை என்று அவள் சொன்னாள். ஒப்பந்தத்தைச் சொன்னாள், ஷெய்ஷெனைச் சொன்னாள், பதினொரு பெட்டைகளைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது படிவம் வாசிப்பது போலக் கேட்டது.

"ஆட்டுக்கு ஒரு நியாயம், அண்ணன் தம்பிக்கு ஒரு நியாயமா?" என்றான் ஜுமாஷ். "எங்க ஆடும் ஆடுதான அண்ணி. கொம்பு சின்னது, அவ்வளவுதான்."

குல்சுன் அவனைக் கையமர்த்தினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"அக்கா, நாங்க ரெண்டு ராத்திரி தங்கி, ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போகத்தான் வந்தோம். ஒப்பந்தம் எங்களுக்கும் தெரியும். மூட்டையக்கூட அவுக்கல. நீங்க கிண்ணத்தக் கொண்டாந்தீங்க. அதுக்கப்புறந்தான் நான் கம்பளத்த விரிச்சேன்."

பாதி போர்த்திய கம்பளியைத் தன் கண்ணால் தொலைநோக்கியில் பார்த்தவள் புருல். அது கோடை முழுக்க நிற்கிற கூடாரமா, இரண்டு ராத்திரி தங்கிப் போகிற கூடாரமா என்று இந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் பார்க்கவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது புகை.

"தப்பு என்னோடது," என்றாள். "ஆள் மொகம் பாத்த சந்தோசத்துல யோசிக்கல. கீழ ஆக் புலாக்ல ஒங்க அண்ணன் பங்கு மேய்ச்சல் சும்மாதான் கெடக்கு. அத எடுத்துக்கோங்க. தண்ணி இருக்கு."

"அண்ணன் பங்க நீங்களே வச்சுக்கோங்க," என்றான் ஜுமாஷ். "நாங்க எங்கயாவது போயிக்கிறோம்."

மறுநாள் காலையில் கூடாரத்தைப் பிரிக்க உதவலாம் என்று போனாள். கம்பளியைக் கட்டிய கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள். குல்சுன் மரியாதையாக, விரல் படாமல், அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மந்தை கரும்பாறையைத் தாண்டி இறங்கும்வரை புருல் நின்று பார்த்தாள். இருவரில் ஒருவராவது திரும்புவார்கள் என்றுதான் நின்றாள்.

வண்டிப்பெட்டிக்குத் திரும்பியபோது வாசற்படியில் கிண்ணம் இருந்தது. காலையில் அவள் கிளம்பிய பிறகு ஜுமாஷ் சுற்றுவழியில் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நன்றாகத் தேய்த்துக் கழுவி, அவளுடைய துணியிலேயே கட்டியிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. துணியை உதறிப் பார்த்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்தும் பார்த்தாள்.

வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. ஒரு துண்டுச் சர்க்கரை, நாலு உருண்டை காய்ந்த தயிர், எதுவும் இல்லாத வீட்டில் ஒரு சிட்டிகை உப்பு. புருலின் புருஷன் செத்த வருஷத்தில்கூடக் குல்சுன் கிண்ணத்தில் காய்ந்த பாதாமிப் பழம் போட்டுத்தான் அனுப்பினாள். உங்களோடு கொடுக்கல் வாங்கல் இனி இல்லை என்பதை வாயால் சொல்ல மாட்டார்கள் இந்த ஊரில். சண்டையாகத் திட்டியிருந்தால் புருல் தாங்கியிருப்பாள்.

ஷெய்ஷென் ஏறவில்லை. ஒப்பந்தம் நின்றது.

அவர்கள் இறங்கிய ஒன்பதாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் பெட்டைகள் வந்தன. கூடாரம் நின்ற வட்டத்தில் புல் இன்னும் மடிந்து கிடந்தது. அதை மோந்து பார்த்து, சுற்றிப் போய், ஊற்றில் வாய் வைத்தன. பதினொரு தாய், ஒன்பது குட்டி. ஒரு குட்டி தண்ணீரில் காலை வைத்துவிட்டுப் பயந்து துள்ளியது. புருல் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் யாராவது சிரிக்கிறார்களா என்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தாள். குதிரை புல் மேய்ந்துகொண்டிருந்தது.

மேட்டில் ஏறி மூன்று ஊருக்கும் சொன்னாள். அலுவலகத்துக்குச் சொன்னாள், கசாக்கியர்களுக்குச் சொன்னாள். ஷெய்ஷென், "பரவால்லம்மா, ஒனக்கு முதுகெலும்பு இருக்கு," என்று பதில் அனுப்பினார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. அலுவலகத்தில் படம் கேட்டார்கள். கடைசியாகக் குல்சுனின் பெயரை அழுத்தினாள். நல்ல செய்தியை முதலில் சொல்கிறவருக்குப் பரிசு தர வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பரிசைக் கேட்டு இருவரும் எத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் பிடுங்கியிருக்கிறார்கள். இப்போது பரிசு கேட்கத் துணியவில்லை.

"குல்சுன், ஆடு வந்துருச்சு. ஒம்பது குட்டி. ஒங்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

மேட்டிலேயே காத்திருந்தாள். காற்று காதை அறுத்தது. அரை மணி நேரம் கழித்துக் குரல் வந்தது. பின்னால் ஆடுகள் கத்தும் சத்தம். எங்கேயோ தண்ணீர் கிடைத்திருக்கிறது அவர்களுக்கு, அது ஒரு நிம்மதி. குல்சுனின் குரல் எப்போதும் போலச் சாந்தமாகத்தான் இருந்தது.

"நல்லதுக்கா. கிண்ணம் வந்து சேந்துச்சா?"

புருல் அதை இரண்டு முறை கேட்டாள். பொத்தானை அழுத்தி, "சேந்துச்சு," என்றாள். குதிரையைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.