குனிந்து போகும் வாசல்

மாலையோடு உள்ளே நுழைந்த ஃபேக்டரி மேனேஜர் ராஜப்பன் வாசல் நிலையில் நெற்றியை மடேரென்று இடித்துக்கொண்டார்.

ருக்மணியின் அப்பா சென்னப்பன் கூடத்தில் பெஞ்சின் மேல் கிடத்தப்பட்டிருந்தார். கெலமங்கலத்தில் இந்த வீட்டுக்கு வந்த யாரையும் "தல பத்திரம்" என்று சொல்லாமல் அவர் உள்ளே விட்டதில்லை. பேரன் பேத்தியெல்லாம் பார்த்தாயிற்று. விடியற்காலையில் தூக்கத்திலேயே நோகாமல் போய்விட்டார்.

"அவரு இருந்தா சொல்லியிருப்பாருங்க," என்றாள் அம்மா சாந்தம்மா, அழுகைக்கு நடுவே. ருக்மணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

மழைக்கு மழை தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததால் அப்பா தரையை உயர்த்தினார், வாசல் தாழ்ந்துபோனது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லி ருக்மணி எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறாள். "கட்டி முடிக்கிற வரைக்கும் எங்க படுக்கறதும்மா?" என்பார்.

ருக்மணி வேலை பார்க்கும் ஓசூர் ஃபேக்டரியில் சம்பளக் கணக்குக்கு அவளே கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வரியிலிருந்து எல்லாம் அவளுடையது. முடிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை கிளார்க்குகள் கையால் போடும் கணக்குதான். ஓவர்டைம் தப்பும், ஆட்கள் வந்து சண்டை பிடிப்பார்கள். பெங்களூரில் விற்கும் ரெடிமேட் சாஃப்ட்வேரை வாங்கித் திருத்திக்கொள்ளலாம் என்பது ராஜப்பன் கட்சி. நம் மூன்று ஷிஃப்டுக்கு அது ஒத்துவராது என்பது இவள் பிடிவாதம். இன்று ராஜப்பன் முடிவு சொல்வதாக இருந்தது.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ருக்மணிதான் அந்தப் பேச்சை ஆரம்பித்தாள்.

"சார், அதையே வாங்கிடுங்க. மாத்திக்கலாம்."

"இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு? உன்னோடது பாதி முடிஞ்சிருச்சே."

"மீதி முடியற வரைக்கும் ஜனங்க என்ன சார் பண்ணுவாங்க? எங்க ஒத்துவரலியோ அங்க நான் நின்னு பாத்துக்கறேன்."

தான் எழுதியதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மனசு லேசாகிவிட்டது.

வெளியே பாடை தயாரானதும் அப்பாவைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் பாகலூர்ச் சொந்தக்காரர்கள். இந்த வீட்டுக்கு அதிகம் வந்து பழகாதவர்கள். ருக்மணி முந்திப் போய் வாசலின் மேற்கட்டையைக் கீழிருந்து உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"தல பத்திரம்," என்றாள்.

அவர்கள் குனிந்தார்கள். அப்பாவின் மாலை அவள் புறங்கையை லேசாக உரசிக்கொண்டு வெளியே போனது.