மீசை மட்டம்

முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன். ஒரு மயிரிழை கோணினாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன். அந்தக் கண்ணில் கொள்ளிதான் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் சலூனுக்கு முதல் ஆள் என் அண்ணன். குறை சொல்வதற்கென்றே வருவான். அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தான். வலது கை நாற்காலிப் பிடியிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. பேச்சும் குழறியது.

"என்ன, ராத்திரி ஊத்திக்கிட்டியா?" என்றேன்.

ஏதோ சொன்னான். புரியவில்லை. இன்றைக்காவது காது தப்பித்தது என்று நினைத்தேன், பாவி.

சவரம் முடித்துப் பார்த்தால் மீசையின் வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. கை பிசகிவிட்டது என்று அந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டினேன். அப்படியும் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். தாழ்ந்திருந்தது வாய். நானோ கோணின வாய்க்கு மீசையை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தரம் சரியாக வந்ததும் கண்ணாடியைக் காட்டினேன்.

"இப்ப சொல்லு பார்ப்போம் குறை."

அவன் வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "போய்ப் படு, தூங்கினா தெளிஞ்சிடும்" என்று அனுப்பிவைத்தேன்.

வெளியே போயிருந்த அண்ணி இரண்டு மணிக்கு வந்து எழுப்பியபோது, அவனுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "எப்ப ஆரம்பிச்சது?"

"நான் வரும்போதே படுத்திருந்தாரு. காலையில பார்த்தது தம்பிதான்," என்றாள் அண்ணி.

நல்லாத்தான் இருந்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். கை, பேச்சு, வாய், மணி ஒன்பது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பக்கவாதம். இதுல ஒண்ணைப் பார்த்திருந்தாலே அப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. இனிமே அதைப் போட முடியாது."

அண்ணி அழவில்லை. அவன் மீசையின் வலப்பக்கத்தை விரலால் தடவினாள். அது பாதிதான் இருந்தது.

"இவ்வளவு உத்துப் பார்த்திருக்கீங்களே, தம்பி," என்றாள்.