மலைக்குப் பெயர் கேட்ட படிவம்

மதிவதனி அக்காவின் லாட்ஜுக்கு இணையதளம் செய்துகொடுத்தவன் நான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, எட்டே எட்டு அறைகள். பௌர்ணமி நெருங்கினால் அக்காவின் போனில் யாரும் நுழைய முடியாது. அதனால் தளத்தில் ஒரு படிவம் வைத்தேன். பெயர், ஊர், போன், செய்தி எழுதி அனுப்பினால் அக்காவின் மெயிலுக்குப் போய்விடும்.

போனது. அறை கேட்டவர்களோடு, உடனடிக் கடன் தருகிறவர்கள், சூதாடக் கூப்பிடுகிறவர்கள், தேடலில் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்கிறவர்கள் என்று தினமும் இருநூறு செய்திகள். அனுப்பியது ஆட்கள்கூட இல்லை, எந்திரங்கள்.

போன பௌர்ணமிக்கு, சித்தூரிலிருந்து பத்மஜா என்ற அம்மாள், பக்கவாதத்திலிருந்து தேறிவரும் கணவருக்காகக் கீழ்த்தளத்தில் அறை கேட்டு எழுதியிருக்கிறார். அந்தச் செய்தி இரண்டு கடன் விளம்பரங்களுக்கு நடுவே யாரும் பார்க்காமல் கிடந்தது. அவர்கள் வந்து இறங்கியபோது மாடியில்தான் இடம் இருந்தது. கணவர் படிக்கட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்லம்மா" என்றார். வந்த காரிலேயே திரும்பிவிட்டார்கள்.

"அவரு கத்தியிருந்தா கூட தேவல," என்றார் அக்கா. "அடுத்த பௌர்ணமிக்கும் எழுதறேன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுவும் தொலைஞ்சிதுன்னு வை, உன் வெப்சைட்ட இழுத்து மூடிடுவேன் பாலாஜி."

நான் பொறியியல் பட்டதாரி. வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை மாடியிலிருக்கும் என் அலுவலகத்தில் இரண்டு நாள் மூளையைக் கசக்கி, படிவத்தின் அடியில் ஒரு கேள்வி சேர்த்தேன்: 'எங்கள் ஊர் மலையின் பெயர் என்ன?' அண்ணாமலை என்று எழுதினால்தான் செய்தி போகும். கடன் தரும் எந்திரத்துக்கு இது எங்கே தெரியப்போகிறது? அன்றோடு குப்பை நின்றது. எனக்கு நானே ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அக்கா கூப்பிட்டார்.

"குப்பை வரல, சரி. மனுசங்களும் வரலியே, இன்னா பண்ணி வெச்சிருக்க?"

வண்டியை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்கு ஓடினேன். தவறான பதில் எழுதியவர்களின் செய்திகளை அழிக்கச் சொல்லி நிரலில் எழுத மறந்திருந்தேன். என் மறதி செய்த ஒரே நல்ல காரியம் அது. பட்டியலைத் திறந்தோம். அருணாசலம். சோணகிரி. 'அது மலை இல்லை, சிவன்.' 'பேர் சொல்ல எனக்கென்ன தகுதி?' மலையையே சாமியாகச் சுற்ற வருகிறவர்களிடம், அதற்கு ஒரே ஒரு பெயர்தான் என்று இந்த ஊரில் பிறந்த நான் அடம்பிடித்திருக்கிறேன்.

பத்மஜா மூன்று முறை முயன்றிருந்தார். முதலில் அருணாசலம். அடுத்து அருணாசலேஸ்வரர். மூன்றாவதாக, 'எங்கள் அப்பா'.

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அப்பான்னு சொன்னவங்களையே வெளிய நிறுத்திட்டியேப்பா."

எனக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

அக்கா திட்டுவதை அத்தோடு நிறுத்திவிட்டு, லாட்ஜின் வருகைப் பதிவேட்டை என் முன்னால் விரித்தார். "பாரு. சாமி பாக்க வர்றவங்க பேரு, ஊரு, போனு எழுதுவாங்க. 'வந்த நோக்கம்'னு ஒரு கட்டம் இருக்குதே, அத எவனாவது எழுதியிருக்கானா? இந்த ஊருக்கு எதுக்கு வருவாங்க! கமிஷனுக்கு ஆள் புடிச்சிட்டு வர்றானுங்க பாரு, அவனுங்கதான் ஒரு கட்டம் விடாம ரொப்புவானுங்க. உன் மிஷினும் அப்படித்தானே?"

அப்படியேதான். எந்திரத்துக்குக் காலிக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"அப்போ ஒரு கட்டத்த மனுசங்க கண்ணுக்குத் தெரியாம வை. அத எவன் ரொப்பறானோ அவன் போலி. ஆனா தூக்கிப் போட்டுடாத, தனியா ஓரமா வை. காலையில நானே ஒருதடவ பாத்துக்கறேன்."

பெரிய நிறுவனங்கள் இதே முறையைக் கையாள்வதாகப் பிறகு படித்தேன். அக்கா அதையெல்லாம் படித்தவரில்லை. கல்லாவில் உட்கார்ந்து எட்டு வருடம் ஆட்களைப் பார்த்தவர். நான் வாய் பிளந்தபடி கேள்வியை எடுத்துவிட்டு, 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டத்தை மறைத்துச் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் ஒன்பது எந்திரங்கள் தாங்கள் வந்த நோக்கத்தை விலாவாரியாக எழுதி மாட்டிக்கொண்டன.

அக்கா பத்மஜாவுக்குப் போன் போட்டார். "அம்மா, தப்பு எங்க மேலதான். கீழ ரெண்டாம் நம்பர் ரூம உங்களுக்குன்னு பூட்டியே வெச்சிருக்கேன். இன்னொருவாட்டி அந்த ஃபார்ம்ல எழுதுங்க. இதப் பண்ணவரு இங்கதான் உக்காந்திருக்காரு, அவரும் பாக்கட்டும்."

பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். மெயில் வந்த மணி அடித்தது.

'கீழ் அறை வேண்டும். இந்த முறை கோல் ஊன்றி அவரே நடந்து வருவார்.'

அக்கா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பாத்துட்டிருக்க? ஒரு பிளாஸ்டிக் சேர் எடுத்துட்டுப் போயி ரெண்டாம் நம்பர் பாத்ரூம்ல போடு. உக்காந்து குளிக்கட்டும்."

போட்டேன். ஆடுகிறதா என்று நானே உட்கார்ந்தும் பார்த்தேன்.