காய வைத்த புத்தகம்

மூன்றாவது நாளும் அந்த மண் அரிப்புப் புத்தகம் கல்லூரி நூலகத்தில் அதன் இடத்தில் இல்லை. பட்டியல் அட்டையில் இருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அடுக்கு முழுவதும் தேடிவிட்டாள் ஜோதிமணி. யாரும் எடுத்துப்போனதாகப் பதிவேட்டிலும் இல்லை.

ஷர்மிளாவின் வேலையாகத்தான் இருக்கும். பி.எட். வகுப்பில் இருவருக்கும் மண் அரிப்புப் பாடமே வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளியில் பாடம் நடத்தும்போது பேராசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். மூன்று நூல்களிலிருந்தாவது குறிப்பு எடுத்திருக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் மறுபடியும் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு அப்பா விடமாட்டார். படித்தது போதும், கேரட் வயலுக்கு வா என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் ஊரான கவுஞ்சியிலிருந்து பஸ் வந்து சேரப் பத்தரை ஆகிவிடும். கொடைக்கானலிலேயே இருக்கும் ஷர்மிளா அதற்குள் நூலகத்தையே அலசிவிடுவாள். வேண்டிய புத்தகத்தை வேறு அடுக்கில் செருகி ஒளிப்பது அந்த வகுப்புக்கே தெரிந்த வித்தை.

நூலகர் செல்வமேரியிடம் கேட்கலாம். அட்டை பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இன்னுமா தேடத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டால்? கேட்கவில்லை.

மலைச்சரிவில் மண்ணைத் தடுத்து நிறுத்தும் படிவயல்களைப் பற்றிய புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. குறிப்பெடுத்து முடித்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதைப் பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளினாள்.

திரும்பினால் ஷர்மிளா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"மண் அரிப்பு புக்கா தேடுற? பின்னாடி ரூமுல கெடக்குப்பா. இந்த மிஸ்ட்டுல ஈரம் ஏறுனத மட்டும் உருவி, மேடம் பல்புக்குக் கீழ விரிச்சுக் காய வைப்பாங்க."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"வாயத் தொறந்து கேட்டேன். நீதான் மேடத்தக் கண்டா கடன்காரி மாதிரி நழுவுறியே."

புத்தகம் அங்கேதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜோதிமணி வெளியே வந்தபோது, ஷர்மிளா செல்வமேரியிடம் படிவயல் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுக்கூட இங்கேதான் இருந்ததாம். கேட்டுவிட்டு ஜோதிமணியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தெரிந்துதான் கேட்கிறாளா? தான் ஒளித்ததைப் பார்த்திருந்தால் தனக்கு ஏன் வழி சொன்னாள்?

"வெளிய போகலையே. இங்கதான் எங்கயாச்சும் இருக்கணும்," என்றார் செல்வமேரி. கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அடுக்காகப் பார்க்கத் தொடங்கினார்.

ஜோதிமணி நெஞ்சோடு அணைத்திருந்த புத்தகத்தில் பல்பின் சூடு இன்னும் ஆறவில்லை. செல்வமேரி ஸ்டூலை இழுத்து, வினாத்தாள் கட்டுகள் இருந்த அலமாரிக்கு முன்னால் போட்டார்.