நீர்மாலைக் குடம்

அரசாங்கம் தேயிலைத் தோட்டத்தை எடுத்த பிறகு நிர்வாகியாக வந்த புதுத் துரை, பங்களாப் புல்தரைக்குத் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் பைப் ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து பூட்டினார். அன்றோடு பங்களாத் தோட்டக்காரன் அழகருக்கு நிம்மதி போயிற்று. ஓடை மணல் அதன் துளைகளை அடைக்கும். ஊசியால் குத்திவிட்டால் ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு அடம்பிடித்து நின்று ஒரே இடத்தைச் சகதியாக்கும். சனியனை வாங்கி அடுத்தவன் தலையில் கட்டினால் இப்படித்தான்.

அந்த வருஷம் கச்சான் காற்று எல்ல ஊருக்குப் பக்கத்து மலைகளை வறட்டி எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், புல் பச்சையாக இருக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மேலே இருப்பதோ ஒரே தொட்டி. பங்களாவுக்குப் போய் மிஞ்சியதுதான் கீழே தொழிலாளர் லயத்துப் பீலியில், அவர்கள் தண்ணீர் பிடிக்கும் ஒரே குழாயில், விழும்.

ஞாயிறு காலை ஒருவழியாக பைப் சுற்றியது. அழகர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான். பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் அவன் மனைவி நல்லம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அத்தை போயிருச்சுங்க."

காய்ச்சலில் கிடந்த தாயைப் பார்க்க அழகர் போட்டது போட்டபடி ஓடினான். வால்வை மூட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

மத்தியானம் தப்பு மேளம் முழங்க, தலைக்குமேல் வேட்டி பிடித்து, நீர்மாலை எடுக்கப் பீலிக்குப் போனார்கள். மகன் கொண்டுவரும் தண்ணீரில் குளிப்பாட்டாமல் தாயை எடுக்க முடியாது. பீலி காய்ந்து கிடந்தது. தப்பு நின்றது. எல்லோரும் பெய்யாத மழையைத் திட்டினார்கள். அழகருக்கு மட்டும் விளங்கியது. பெற்றவளுக்கு விழவேண்டிய தண்ணீரை அவனே புல்லுக்குத் திருப்பிவிட்டு வந்திருக்கிறான். இனி வால்வை மூடினாலும் தொட்டி நிறைந்து இங்கே வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும்.

"வெறுங்குடத்தோட திரும்பக் கூடாதுப்பா," என்றார் கங்காணி.

"அப்ப பங்களாவுக்கு வாங்க," என்றான் அழகர்.

கூட்டம் புல்தரையில் ஏறியதும் விருந்தாளிகள் நாற்காலிகளை விட்டு எழுந்துகொண்டார்கள். அழகர் புல்தரையில் குந்தி, பைப்பின் சுழலும் தலையைக் கழற்றினான். தண்ணீர் பொங்கி வந்தது. அவன் குடம் நிறைந்ததும் பெண்கள் தங்கள் குடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள்.

துரை படியிறங்கி வந்தார். "அதப் பூட்டிட்டுப் போ, அழகர். இல்லாட்டி நாளையிலருந்து ஒனக்குப் பேரு இல்ல."

பேரு இல்லையென்றால் வேலை இல்லை. கொஞ்ச நாளில் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் இல்லை. அழகர் பயந்துதான் போனான். பழக்கதோஷத்தில் ஒரு முழங்காலை மடக்கவும் செய்தான். ஆனால் குடம் தோளில் இருந்தது. நீர்மாலைக் குடத்தை வீடு சேரும்வரை தரையில் இறக்கக் கூடாது. இரண்டு கையும் இல்லாமல் அந்த மரை ஏறாது. அவன் நிமிர்ந்தான்.

"எங்கம்மாவக் குளிப்பாட்டணுங்க தொரை," என்று சொல்லிவிட்டு நடந்தான். தப்பு மறுபடி முழங்கியது.

காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரில் முகம் துடைத்துக்கொண்டு கிடந்தவளை, அன்றைக்குத் தலை நிறையக் குளிப்பாட்டினார்கள்.