மடுவில் ஒரே அடுப்பு

கிட்ட வாருங்கள், என் குஞ்சுகளே. பாயை இழுத்துப் போட்டு என் பக்கமாக இருங்கள். ஒரு நீலச் சீலை ஒரு மனுசியை ஒரு பகல் முழுக்க எப்படி உலுக்கி எடுத்தது என்று சொல்லப்போகிறேன். நடுவில் நெஞ்சு கொஞ்சம் பதறும். பதறினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் அருளம்மா என்று ஒருத்தி இருந்தாள். புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு கருவாடு காயவைத்துப் பிழைத்தவள். பிள்ளை இல்லை. யாக்கோப்பின் மகள் யூலிற்றாவுக்கு ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற தொட்டம்மா அவள்தான். தாயில்லாமல் வளர்ந்த அந்தப் பெட்டைக்குத் தாயும் அவள்தான். யூலிற்றாவுக்கு அப்போது இருபது வயது.

அந்தக் காலத்தில் கரைச் சனம் ஆவணித் திருநாளுக்கு வண்டில் கட்டிக்கொண்டு மடு மாதா கோயிலுக்குப் போகும். மரத்துக்குக் கீழே கொட்டில் போட்டு, பக்கத்துக் கொட்டில்காரரோடு ஒரே அடுப்பில் சமைப்பார்கள். அப்படிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் பிறகு சொந்தக்காரர். எந்த ஊர், எந்தக் கோயில் பங்கு என்று கேட்பது மரியாதைக் குறைவு. மாதாவின் காலடியில் அடுப்பைப் பகிர்ந்தவளிடம் விலாசம் கேட்கலாமா?

செசிலி அப்படித்தான் சொந்தமானாள். கதைக்கும்போது ஒரு தங்கப்பல் மினுங்கும். திருநாள் முடிந்து சில மாதத்தில் கரைக்கே தேடி வந்தாள். அருளம்மாவுக்கு அந்த நீலச் சீலையைக் கொடுத்தாள். கொழும்பில் ஒரு டாக்குத்தர் வீட்டில் பிள்ளை பார்க்க நல்ல பெட்டை வேண்டும் என்றாள். யாக்கோப்பு யோசித்தான்.

"மடுவில ஒரு அடுப்பில சமைச்சனாங்கள், அண்ணை. நான் பொறுப்பு" என்றாள் அருளம்மா. அந்தச் சொல்லுக்காகவே அவன் தலையாட்டினான்.

கொழும்பு ரயில் பிடிக்கவென்று விடியற்காலையில் செசிலியையும் யூலிற்றாவையும் பரந்தன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த அருளம்மா, அந்தச் சீலையோடேயே கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோட்டில், அதுதான் நீதிமன்றத்தில், சேவகம் பார்க்கும் அல்பேர்ட் சைக்கிளை நிறுத்தினான். புருசனுக்குத் தம்பி முறை.

"என்ன மச்சாள், கருவாட்டுக்குக் கலியாணமோ? சீலை மினுங்குது."

அருளம்மா சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். தங்கப்பல் என்றதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்தப் பக்கத்துப் பல்?"

"இடப்பக்கம். ஏன் தம்பி?"

"அவளை நான் குற்றவாளிக் கூண்டுக்க பாத்தனான், மச்சாள். போன வருசம் வேற ஊர்ப் பெட்டை ஒண்டை இப்பிடித்தான் வீட்டு வேலை எண்டு கூட்டிக்கொண்டு போனவள். அது குடும்பம் இருக்கிற வீடில்லை. ஆம்பிளையள் காசு குடுத்து வந்து போற இடம். சாட்சிக்காரர் வெக்கத்தில வாய் திறக்கேல்லை. வழக்குத் தள்ளுப்பட்டுப் போச்சு."

அருளம்மாவின் கையிலிருந்த கருவாடு மணலில் விழுந்தது.

"அப்பிடி ஆள் பிடிச்சுக் குடுத்தால் சட்டம் என்ன செய்யும்?"

"மறியல். சிறையில போடும்."

"கூட நிண்டு அனுப்பினவைக்கு?"

அவன் சீலையைப் பார்த்தான். "தெரிஞ்சு அனுப்பினால் அவைக்கும் மறியல்தான். நீங்கள் தெரியாமல் அனுப்பினியள். ஆனால் கைநீட்டிச் சீலை வாங்கியிருக்கிறியள். அவளுக்காக வழக்குப் பேசுற அப்புக்காத்து அதைத்தான் பிடிப்பார்."

"இப்ப நான் பேசாமல் இருந்தால்?"

"இப்ப உங்களுக்குத் தெரியும், மச்சாள்."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சீலையை அதற்குள் போட்டால் சாட்சியும் இல்லை, மறியலும் இல்லை என்று ஒரு நினைவு வந்து போனது. ஆர்தான் நினைக்கமாட்டார்கள்?

"நான் பரந்தன் பொலிசுக்கு ரெலிபோன் எடுப்பிக்கிறன்" என்றான் அல்பேர்ட். "ஆனால் பெட்டை விரும்பித்தான் வாறாள் எண்டு அவள் சாதிப்பாள். குடுத்த கை நேர போய்ச் சொன்னால்தான் வழக்கு நிக்கும்."

பரந்தன் பக்கம் போகும் அப்புத்துரையின் மீன் லொறி அப்போதுதான் புறப்பட்டது. அருளம்மா முன்னுக்கு ஏறினாள்.

"ஐசில கிடக்கிற மீனைவிட நீங்கள் விறைச்சுப்போய் இருக்கிறியள், அக்கா" என்றான் அவன். விசுவமடுவில் மாட்டுப்பட்டி ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. ஒவ்வொரு மாடாக அசைந்து அசைந்து போக, அவள் செபமாலையை உருட்டினாள். எந்த மணியில் நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பரந்தன் சந்தியில் அவர்களை ஏற்றிவந்த பஸ் வெறுமையாய் நின்றது.

ரயில் ஸ்ரேசனில், வாங்கில் இருந்தபடி யூலிற்றா கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டம்மா, நீங்களும் கொழும்புக்கு வாறியளோ?"

செசிலி சிரித்தபடி எழுந்து அருளம்மாவை ஓரமாகக் கூட்டிப்போனாள். குரல் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன கேள்விப்பட்டியோ எனக்குத் தெரியாது. நான் தந்த சீலை உன்ர உடம்பில. பொறுப்பெண்டு சொன்னது உன்ர வாய். மறியலுக்குப் போனால் நான் தனியப் போகமாட்டன்."

தூரத்தில் ரயில் கூவியது. ஸ்ரேசன் மாஸ்ரரின் வாசலில் ஒரு பொலிஸ்காரர் சுற்றுமுற்றும் பார்த்தபடி நின்றார். அவள் அவரிடம் போனாள்.

"ஐயா, அந்தப் பெட்டையை இவளிட்டக் குடுத்தது நான். இந்தச் சீலை இவள் தந்தது. இவள் கூட்டிக்கொண்டு போறது கூடாத இடத்துக்கு. என்னையும் பிடியுங்கோ. ரயில் வெளிக்கிட முதல் பிடியுங்கோ."

ரயில் வந்தது, போனது. யூலிற்றா அதில் இல்லை, பொலிஸ் பிடித்த செசிலியும் இல்லை. யூலிற்றா நன்றி சொன்னாள் என்று நினைக்காதீர்கள். கிடைத்த வேலையைக் கெடுத்துவிட்டீர்களே என்று ஊர் வந்து சேரும்வரை அழுதாள்.

வழக்கு நாளில் கோட்டு மேசையில் அந்த நீலச் சீலை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதை வாங்கினீரா?" என்று கேட்டார் செசிலியின் அப்புக்காத்து.

"ஓம் ஐயா, வாங்கினனான்."

"பெண்ணை நீர்தானே கொடுத்தீர்?"

"ஓம், குடுத்தனான். எந்த ஊரெண்டு கேக்காமல் குடுத்தனான்."

நீதவான் நெடுநேரம் எழுதினார். தன்னைக் கொண்டுபோக ஆள் வருகிறதா என்று அருளம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். செசிலிக்கு மறியல் என்று தீர்ப்பானது. "நீர் போகலாம்" என்று தனக்குச் சொன்னது அருளம்மாவின் காதில் ஏறவில்லை. அல்பேர்ட் வந்துதான் கையைப் பிடித்துச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கினான்.

அடுத்த ஆவணியிலும் மடுவுக்குப் போனார்கள். பக்கத்துக் கொட்டில்காரியோடு அதே மாதிரி ஒரே அடுப்புத்தான். ஆனால் உலை கொதிக்க முன்னமே யூலிற்றா கேட்டாள்:

"அக்கா, நீங்கள் எந்தக் கோயில் பங்கு? உங்கட பங்குச் சுவாமியாரின்ர பேர் என்ன?"

அருளம்மா அவளை அதட்டவில்லை. சுள்ளியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

உங்கள் வீட்டு அடுப்பு நூராமல், அணையாமல் எரியட்டும், என் செல்வங்களே. அதில் பங்கு கேட்டு வருகிறவர்கள் நல்லவர்களாய் வரட்டும். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும், போன வழியே சுகமாய்த் திரும்பி வரட்டும்.